விற்ற வண்டி திரும்பி வந்தது

சென்ற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப் பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னும் தென்னூரைச் சேர்ந்த ஒருவர் பங்கு இல்லத்துத் திண்ணையை விட்டு எழவில்லை. வயது ஐம்பத்தைந்து இருக்கும். உழவர் சந்தைக்கும் காந்தி மார்க்கெட்டுக்கும் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்தவர். ஒரு பிக்கப் வண்டியின் வருமானத்திலேயே மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தவர். வலது கையில் பழுப்பு நிற உறை ஒன்றை இரண்டாக மடித்துப் பிடித்திருந்தார்.

"சாமி, நான் வித்த வண்டி திரும்பி வந்திருக்கு" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உறையை வாங்கிப் பிரித்தேன். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து வந்த சம்மன் அது. இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் ஒரு சரக்கு வண்டி மோதி, இரு சக்கர வண்டியில் சென்ற கொத்தனார் ஒருவர் கால் இழந்திருந்தார். சிறு குழந்தைகள் இருவருக்குத் தந்தை. இழப்பீடு கேட்டு அவர் தொடுத்த வழக்கில் வண்டி ஓட்டியவர் முதல் எதிர்மனுதாரர். வண்டியின் உரிமையாளர் என்ற முறையில் நம் தென்னூர்க்காரர் இரண்டாம் எதிர்மனுதாரர்.

வண்டியை அவர் விற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தேநீர்க் கடையில் பழக்கமான தரகர் ஒருவர் ஆள் கொண்டு வந்தார். ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்க்குப் பேச்சு முடிந்தது. பணத்தை எண்ணி வாங்கினார், ஆர்.சி. புத்தகத்தையும் சாவியையும் கொடுத்தார். தரகர் நீட்டிய இரண்டு படிவங்களில், எதுவும் நிரப்பப்படாத நிலையிலேயே கையொப்பமிட்டார். "பேரு மாத்துறதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்ணே" என்று தரகர் சொன்னதை அவர் நம்பினார். நம்பக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஓர் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருக்கிறது. விற்ற சில வாரங்களில், சமயபுரம் சுங்கச்சாவடியில் கட்டணம் பிடிக்கப்பட்டதாக அவருடைய கைப்பேசிக்குச் செய்தி வந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் வில்லை அவருடைய வங்கிக் கணக்கோடு இணைந்தே இருந்தது. மகன் சொல்லி அந்த வில்லையை முடக்கினார். அத்தோடு தொல்லை தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டார். வில்லை தம் பெயரில் இருந்தது போலவே வண்டியும் தம் பெயரில்தான் ஓடுகிறது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

அன்புள்ள வாசகர்களே, நம் பங்குக் குடும்பங்களில் சரக்கு வண்டியை நம்பி வாழ்வோர் பலர். குட்டி யானை என்று நாம் செல்லமாக அழைக்கும் டாட்டா ஏஸ் 2005ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த பிறகு இத்தொழிலில் இறங்கியவர்களும் ஏராளம். அவ்வண்டிகளுக்கெல்லாம் வயதாகிவிட்டது. பழைய வண்டியைத் தனி ஆளுக்கு விற்க நேரும் குடும்பம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஆகவே, திண்ணையில் அமர்ந்திருந்த அந்த மனிதரின் கதையை, அவருடைய அனுமதியோடு, சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் யார்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதற்குத் தெளிவாக விடை தருகிறது. எவர் பெயரில் வண்டி பதிவாகி நிற்கிறதோ அவரே உரிமையாளர். பணம் கொடுத்தவர் யார், சாவி யாரிடம் இருக்கிறது, வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பவை அடுத்த கேள்விகள். மைனர் பெயரில் உள்ள வண்டி, தவணைக் கடன் ஒப்பந்தத்தில் உள்ள வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விதிவிலக்கு உண்டு.

2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது. அவ்வழக்கில் வண்டி 2007இல் விற்கப்பட்டது. பின்னர் அது பல கை மாறியது. எவரும் பதிவை மாற்றவில்லை. 2009இல் அவ்வண்டியால் விபத்து நேர்ந்து ஓர் உயிர் போயிற்று. முதலில் விற்றவர், "நான் விற்று இரண்டாண்டு ஆகிறதே" என்று வாதாடினார். பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. விபத்தில் அடிபட்டவரோ, இறந்தவரின் குடும்பத்தாரோ, யார் யாருக்கு எப்போது விற்றார் என்று வரிசையாகத் தேடிக்கொண்டு அலையக் கூடாது என்பது அத்தீர்ப்பின் நியாயம்.

முதலில் படித்தபோது இது விற்றவருக்குக் கடுமை என்றே எனக்குப் பட்டது. சற்று நேரம் அந்தக் கொத்தனாரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். ஒரு காலை இழந்து கட்டிலில் கிடப்பவன், தரகரையும் தரகருக்குத் தரகரையும் எங்கே போய்த் தேடுவான்? அவனுக்கு எட்டுவது வண்டியின் எண் பலகை ஒன்றே. சட்டம் சரியான பக்கத்தில்தான் நிற்கிறது என்று பிறகு தோன்றிற்று. ஆனால் நம் தென்னூர்க்காரரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருந்திருந்தால் பெரும் பாரம் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் போயிருக்கும். வண்டி கைமாறும்போது, மூன்றாம் மனிதருக்கு நேரும் தீங்குக்கான காப்பீடு அதனோடு தானாகவே சென்றுவிடுகிறது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதித் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இங்கே நடந்தது வேறு. வாங்கியவர் காப்பீட்டைப் புதுப்பிக்கவே இல்லை. அது காலாவதியான பதினோராம் நாள் விபத்து நேர்ந்தது.

அவர் செய்யாமல் விட்டது என்ன?

மிகச் சிறிய காரியம். விற்ற 14 நாட்களுக்குள், வண்டியை இன்னாருக்கு விற்றுவிட்டேன் என்று 29ஆம் எண் படிவத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, அதன் நகலை வாங்கியவருக்கும் அனுப்ப வேண்டியது விற்றவரின் கடமை. 30 நாட்களுக்குள் 30ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியது வாங்கியவரின் கடமை. அப்படிவத்தில் இருவர் கையொப்பமும் வேண்டும். வண்டி வேறு மாநிலத்துக்குப் போவதானால் தடையின்மைச் சான்று தனியாகப் பெற வேண்டும். அதற்குரிய கெடு 45 நாட்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் வண்டியின் எண் மாறாது. தென்னூர்க்காரரின் 45ஆம் வரிசை வண்டியை 48ஆம் வரிசைக்குரிய ஸ்ரீரங்கத்துக்காரர் வாங்கினாலும் எண் பலகை அப்படியே இருக்கும். பதிவேட்டில் பெயரும் முகவரியும் மாறும்.

நிரப்பாத படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பது இந்நகரில் வழக்கமாகவே ஆகிவிட்டது. தரகர் ஏன் அதைக் கேட்கிறார்? தம் பெயருக்கு ஒரு முறை, அடுத்து வாங்குபவர் பெயருக்கு ஒரு முறை என்று இருமுறை கட்டணம் கட்டி அலைய அவருக்கு விருப்பமில்லை. கையொப்பமிட்ட வெற்றுத் தாள் கையில் இருந்தால், எத்தனை மாதம் கழித்து எவர் கிடைத்தாலும் அவர் பெயரை எழுதிக்கொள்ளலாம். இடைப்பட்ட அத்தனை மாதமும் வண்டி பழைய உரிமையாளரின் பெயரிலேயே சாலையில் ஓடும். விபத்து மட்டுமன்று, அந்த வண்டியில் மணல் திருடினாலும், கடத்தல் சரக்கு ஏற்றினாலும், காவலர் முதலில் வந்து தட்டுவது பதிவேட்டில் உள்ள முகவரியின் கதவைத்தான்.

பழைய வண்டி வியாபாரிகளுக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் விதிகள் வகுத்தது. 2023 ஏப்ரல் முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அதன்படி வியாபாரி அலுவலகத்தில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அத்தகையவரிடம் வண்டியை ஒப்படைத்து, அதை இணைய வழியாக முறைப்படி தெரிவித்துவிட்டால், அந்நாள் முதல் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். நல்ல ஏற்பாடு. ஆனால் தேநீர்க் கடைத் தரகர் அந்த வகையில் சேர்ந்தவர் அல்லர். "அங்கீகாரச் சான்று உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் பேச்சை மாற்றுவார்.

விற்பதற்கு முன்னரே வீட்டில் செய்து முடிக்க வேண்டியவை சில உண்டு. வங்கிக் கடன் தீர்ந்துவிட்டது என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள், ஆனால் ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீங்காமலே இருக்கும். கடன் கொடுத்தவரிடம் 35ஆம் எண் படிவமும் கடன் தீர்ந்த கடிதமும் பெற்று அக்குறிப்பை நீக்கினால்தான் பெயர் மாறும். வரிப் பாக்கியும், போக்குவரத்துக் காவலர் விதித்த அபராதங்களும் பரிவாகன் இணைய தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் தெரிந்துவிடும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். எஃப்.சி. முடிந்த வண்டியைத் தள்ளிவிட நினைப்பவர்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். காப்பீட்டில் விபத்தின்றி ஓட்டியதற்காகச் சேர்ந்த சலுகை வண்டியோடு போகாது. அது உரிமையாளருக்கு உரியது. அடுத்த வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கான கடிதத்தை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கணவர் இறந்த பின் வண்டியை விற்க வரும் சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. மறைந்தவர் பெயரில் உள்ள வண்டியை நேரே விற்க இயலாது. வாரிசுச் சான்றிதழோடு 31ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். மரணத்தை 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்தால், மூன்று மாதம் வரை வண்டியைப் பழைய பெயரிலேயே பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. துக்க வீட்டில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பதினாறாம் நாள் முடிவதற்குள், "அண்ணன் கையெழுத்து மாதிரியே போட்டுக்கலாம் அண்ணி" என்று ஆலோசனை சொல்பவர்கள் மட்டும் வந்துவிடுகிறார்கள். அது பொய்க் கையெழுத்து, சிறைக்குரிய குற்றம்.

குதிரையும் பிக்கப்பும்

இதுவரை எழுதியது விற்பவர் தம்மைக் காத்துக்கொள்வது பற்றி. வாங்குபவரைக் காக்க வேண்டிய கடமை ஒன்றும் விற்பவருக்கு உண்டு. அதைப் பற்றி எழுத எனக்குச் சிறிது கூச்சமாக இருக்கிறது. காரணம், அதில் தடுமாறியவன் நானே.

எம் பங்கில் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. கிளைப் பங்குகளுக்கு நாற்காலிகளும் ஒலிபெருக்கியும் எடுத்துச் செல்லவும், அந்தோனியார் திருநாள் விருந்துக்கு அரிசி மூட்டைகள் ஏற்றி வரவும் பல ஆண்டுகள் உழைத்த வண்டி. எஃப்.சி. நெருங்கியதால், மறைமாவட்டப் பொருளாளரின் அனுமதியோடு அதை விற்றுவிடத் தீர்மானித்தோம். வரும் தொகையில் மறைக்கல்வி வகுப்பு நடக்கும் கூடத்தின் ஒழுகும் கூரையை மாற்றலாம் என்பது திட்டம். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய் வரும் என்று கணக்கிட்டிருந்தோம்.

பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். கேபினுக்குப் பின்னால் சேஸில் ஒரு விரிசல். எப்போதோ ஒருவர் அதற்கு வெல்டிங் வைத்து மேலே வண்ணம் அடித்திருந்தார். பாரம் ஏற ஏற, அந்த வெல்டிங்கின் ஓரத்திலேயே மீண்டும் மெல்லிய கோடாக விரிசல் ஓடியிருந்தது. மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. முறையாகச் சரி செய்ய நாற்பதாயிரம் ஆகும் என்றார்.

பங்குப் பேரவையில் இதைச் சொன்னேன். வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர், நல்ல மனிதர், சொன்னார்: "கேட்டா சொல்லுவோம் சாமி. கேக்காட்டி நாமளா ஏன் சொல்லணும்? பழைய வண்டின்னு தெரிஞ்சுதானே வாங்குறான்."

அந்த வாதம் எனக்கும் இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒழுகும் கூரை கண்முன் நின்றது. நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய அந்த முதியவரின் பக்கமே நிற்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், எது மோசடி என்று விளக்கும் 17ஆம் பிரிவில் குதிரை விற்பவன் ஒருவன் எடுத்துக்காட்டாக வருகிறான். தன் குதிரைக்கு நோய் உண்டு என்று அறிந்தும் ஒன்றும் சொல்லாமல் ஏலத்தில் விற்கிறான். அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வெறும் மௌனம் குற்றமன்று. ஆனால் அடுத்த எடுத்துக்காட்டைப் பாருங்கள். வாங்குபவள் அவனுடைய சொந்த மகளாகவும், அப்போதுதான் உரிய வயது அடைந்தவளாகவும் இருந்தால், அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியது அவன் கடமை ஆகிவிடுகிறது. மூன்றாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவன் சொல்கிறான். விற்பவன் வாய் திறக்கவில்லை. அங்கே அந்த மௌனமே பேச்சாகிவிடுகிறது.

பங்குத் தந்தையிடம் வண்டி வாங்க வருபவன் என்ன நினைத்துக்கொண்டு வருகிறான்? "சாமி வண்டி, சாமி பொய் சொல்ல மாட்டார்" என்றுதானே? அவன் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், மூன்றாவது எடுத்துக்காட்டில் வரும் ஆள் அவன். பங்கைச் சேர்ந்தவனாக இருந்தால் ஒரு வகையில் இரண்டாவது எடுத்துக்காட்டின் மகளும் அவனே. இப்படி யோசிக்கத் தொடங்கியதும் எனக்கு உறக்கம் போயிற்று.

குருமடத்தில் படித்த பாடம் ஒன்று நினைவுக்கு வந்து, அலமாரியில் தூசி படிந்திருந்த நூலை எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் வாங்கல் விற்றலைப் பற்றி ஒரு பகுதி முழுவதும் எழுதியிருக்கிறார். வியப்பு என்னவென்றால் அங்கேயும் குதிரைதான். நொண்டிக் குதிரையை வேகமான குதிரை என்று விற்பதும், இடியும் நிலையில் உள்ள வீட்டை உறுதியானது என்று விற்பதும் அநீதி. வாங்குபவனுக்கு நட்டமோ ஆபத்தோ தரக்கூடிய மறைந்த குறையை விற்பவன் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய முடிவு. குறை கண்ணுக்குத் தெரிவதானால், எடுத்துக்காட்டாகக் குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால், அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொண்டால் போதும். எடுத்துச் சொல்லும் கட்டாயம் இல்லை. இன்று அதைப் பிக்கப் வண்டிக்குப் பொருத்தினால் தேய்ந்த டயரும் துருப்பிடித்த கதவும் ஒற்றைக் கண். சேஸில் வண்ணத்தின் அடியில் ஒளிந்திருக்கும் விரிசல் நொண்டிக் கால்.

எங்கள் முதியவர் எழுப்பக்கூடிய எதிர்வாதத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. நோயுள்ள குதிரை விற்பனைக்கு என்று கூவினால் யார் வருவார்கள்? ஊரெல்லாம் கூவ வேண்டியதில்லை என்கிறார் அக்குவினாஸ். அப்படிக் கூவினால், அந்தப் பொருளின் நல்ல பக்கத்தைக் கூடப் பாராமல் ஆட்கள் விலகிவிடுவர். வாங்க வந்து நிற்பவனிடம் தனியே சொன்னால் போதும். நிறையையும் குறையையும் அவன் ஒப்பிட்டு முடிவு செய்வான். ஒருவனுக்கு உதவாத பொருள் இன்னொருவனுக்கு உதவலாம் அல்லவா? விளம்பரம் எழுதத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு மேலான இந்த அறிவுரை இன்றும் பொருந்தும்.

இதே செய்தியை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970ஆம் ஆண்டில் கணக்குப் போட்டே காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட பொருளும் பழைய மோட்டார் வண்டிதான். விற்பவனுக்கு வண்டியின் உள்ளும் புறமும் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன், எதற்கும் இருக்கட்டும் என்று நடுத்தர விலையே கொடுக்கத் துணிவான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகிக்கொள்வான். சந்தையில் மிஞ்சுவது கெட்ட வண்டிகள். அதனால் விலை மேலும் இறங்கும். அடுத்தபடி நல்லவர்கள் மேலும் விலகுவர். ஒருவர் மறைப்பதால் ஊரில் உள்ள அத்தனை நேர்மையானவர்களுக்கும் நட்டம். இந்தக் கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ள அதுவே காரணமாயிற்று.

நாங்கள் சொன்னோம். வந்தவர் ஒவ்வொருவரிடமும், வண்டியைச் சுற்றிப் பார்த்து முடித்ததும், கீழே குனியச் செய்து விரிசலைக் காட்டினோம். லால்குடியிலிருந்து வாழைத்தார் ஏற்றுவதற்காக வாங்க வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்தவர் அதைச் சாக்காக வைத்து அடிமாட்டு விலைக்குக் கேட்டார். மூன்று வாரம் எவரும் வரவில்லை. பேரவை முதியவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கூரையைப் பார்த்தார். பின்னர் மண்ணச்சநல்லூர்ப் பக்கத்திலிருந்து சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை நானே கழட்டிப் பிளேட் வச்சு முடுக்கிடுவேன் சாமி. இஞ்சின் நல்லா இருக்கு, அது போதும்" என்றார். எங்களுக்கு நாற்பதாயிரம் செலவு என்பது அவருக்குச் சில நாள் கைவேலை. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு முடிந்தது. கூரையில் பாதிதான் மாற்றினோம். மறுபாதியில் மழைக்காலத்துக்கு இன்றும் தார்ப்பாய்தான்.

பேரம், பணம், ஒப்படைப்பு

பேரத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வாங்கும்போது மோசம், மோசம் என்று பழித்துவிட்டு வீட்டுக்குப் போய் மலிவாக வாங்கியதைப் பெருமை பேசும் மனிதனை நீதிமொழிகள் நூலின் 20ஆம் அதிகாரத்திலேயே காணலாம். அவனைக் கண்டு கோபப்பட்டுப் பயனில்லை. ஓட்டிப் பார்க்கக் கேட்டால் கொடுங்கள். ஆனால் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்த பிறகு, நீங்களும் பக்கத்தில் அமர்ந்து செல்லுங்கள். கிலோமீட்டர் காட்டும் மீட்டரைத் திருப்பி வைத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அவரைப் பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள்.

பணத்தில் கவனம் வேண்டும். 2017 ஏப்ரல் முதல், ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான தண்டம். வங்கி வழியாகப் பெறுவதே இருவருக்கும் பாதுகாப்பு. காசோலை என்றால் பணம் கணக்கில் ஏறிய பின்பே சாவி. தாம் இராணுவத்தில் இருப்பதாகவும், வண்டியைப் பாராமலே வாங்கிக்கொள்வதாகவும் கைப்பேசியில் பேசி, முன்பணம் அனுப்ப ஒரு க்யூ.ஆர். படத்தை அனுப்பும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. ஒன்றை மனத்தில் வையுங்கள்: பணம் அனுப்புவதற்குத்தான் ரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு எதையும் தட்ட வேண்டியதில்லை.

ஒப்படைக்கும் நாளில் டெலிவரி நோட்டு ஒன்று எழுதி, இரு தரப்பும் சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். வண்டி எண், சேஸ் எண், இஞ்சின் எண், தொகை, வாங்குபவரின் முழு முகவரி, அடையாள அட்டையின் நகல் இவற்றோடு, நாளை மட்டுமன்றி மணியையும் எழுதுங்கள். காலை பத்தரைக்குக் கைமாறிய வண்டி அன்று மாலையே எங்காவது மோதினால், அந்த ஒரு வரி பயன்படும். சொல்லிக் காட்டிய குறைகளையும் அதிலேயே எழுதிவிடலாம். நாங்கள் சேஸ் விரிசலை எழுதினோம். படிவங்களை அங்கேயே, அப்போதே முழுவதும் நிரப்பிய பின்னரே கையொப்பமிட்டேன். இந்த நோட்டு பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையே சாட்சி. அடிபட்ட மூன்றாம் மனிதரின் முன் பதிவேடே பேசும்.

பட்டறைக்காரர் இஸ்லாமியர். முகப்புப் பலகையில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தை எடுக்கப் போனேன். "இருக்கட்டும் சாமி, இத்தனை வருஷம் வண்டியைப் பாத்துக்கிட்டது அவங்கதானே" என்றார். நாங்கள் ஃபாஸ்டேக்கை மட்டும் கிழித்தெடுத்தோம். பத்தொன்பதாம் நாள் இணைய தளத்தில் பார்த்தபோது உரிமையாளர் பெயர் மாறியிருந்தது. அன்றிரவுதான் பங்குக் கணக்குப் புத்தகத்தில் வண்டி விற்பனை என்று வரவு எழுதினேன்.

தென்னூர்க்காரரின் வழக்கு இன்னும் முடியவில்லை. எம் பங்கு வழக்கறிஞர் ஒருவர் கட்டணமின்றி நடத்துகிறார். வண்டியை வாங்கியவரைக் கண்டுபிடித்து அவரையும் வழக்கில் சேர்க்க மனுச் செய்திருக்கிறார். தொகையைத் தென்னூர்க்காரர் கட்ட நேர்ந்தால், அதை வாங்கியவரிடமிருந்து மீட்கத் தனியே போராட வேண்டியிருக்கும் என்றும் எச்சரித்திருக்கிறார். இதற்கிடையில் தென்னூர்க்காரர் வழக்கறிஞரிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவிட்டார். பை நிறையப் பழங்களோடு அந்தக் கொத்தனாரின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். வழக்கறிஞர் அறிந்து கடிந்துகொண்டார். நான் கடிந்துகொள்ளவில்லை.

"யாருன்னு சொன்னதும் அந்தப் பையன் ஒண்ணும் பேசலை சாமி. அவன் பெஞ்சாதிதான் தண்ணி கொடுத்துச்சு" என்றார் என்னிடம். சற்றுப் பொறுத்து, "அவங்க கேஸ் போட்டது நியாயம்தான்" என்றார்.

அடுத்த வாய்தா வருகிற மாதம் பதினான்காம் தேதி. துணைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.